அக்காவின் அடுத்த அடி

மறுநாள் பயிலரங்கம். மனிதர் நடப்பதை எலும்பும் தசையுமாகக் கம்ப்யூட்டரில் நடத்திக் காட்டும் மென்பொருள் ஒன்றை, வெளியூர்ப் பிசியோதெரபிஸ்டுகள் வந்து தங்கள் கையாலேயே இயக்கிப் பழக வேண்டும். அதற்கு மாதிரியாக யாராவது ஒருவருடைய நடை வேண்டும். அந்தப் பொறுப்பு அரவாழியுடையது.

அரவாழி வெகுகாலம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருடைய வழிகாட்டி ரெபெக்காள் அவரைவிட வயதில் சின்னவர்.

மதியம் ரெபெக்காள் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தபோது திரையில் ஓர் எலும்புக்கூடு நடந்துகொண்டிருந்தது. இடது காலை ஊன்றுமுன் கொஞ்சம் தயங்கியது. ஊன்றியது. மறுபடி அதே அடி. மறுபடியும் அதே.

“யாரோட நடை?”

“எங்க அக்காவோடது மேடம். போன வருஷம் இங்க வந்து நடந்து குடுத்தாங்கல்லா.”

அக்காவுக்கு இன்னும் வருஷத் திதி வரவில்லை. ரெபெக்காளுக்கும் அது தெரியும்.

“ஒரே ஓர் அடிதான் இருக்கு?”

“வழக்கம்போல பதிவுல முன்னயும் பின்னயும் வெட்டிட்டேன். நடுவுல சீரா இருந்ததை மட்டும் வச்சுக்கிட்டேன். வெட்டினதை எங்கயும் எடுத்து வைக்கல.”

அந்தக் கூடத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கிளம்புகிற அடியும் வந்து நிற்கிற அடியும் கணக்குக்கு உதவாது.

அரவாழி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மேடம், இந்த அடியை வச்சு அடுத்த அடியை இந்த மென்பொருளால கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?”

“முடியும். போட்டுப் பாருங்க.”

போட்டார். எலும்புக்கூடு காலைத் தூக்கியது. தயங்கியது. எட்டி வைத்தது. சட்டென்று முட்டி மடங்கி முன்னால் சரிந்தது.

அரவாழியின் கை தன்னால் நீண்டது. விரல்கள் திரையில் முட்டி நின்றன.

அவர் கையை எடுத்த பிறகு ரெபெக்காள் கேட்டார்.

“அன்னைக்கு நீங்க எங்க நின்னீங்க?”

“இந்தக் கூடத்து நடைபாதை முடியற இடத்துல.”

“அக்கா?”

“நேரா எங்கிட்டதான் வந்தாங்க. ‘ஏலே, உனக்காக இன்னும் எத்தனை தடவை நடக்கணும்? எலும்பை எண்ணினது போதும், சோறு வாங்கிக் குடு’ன்னு மண்டையில நறுக்குனு ஒரு கொட்டு. இங்க இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க.”

சொல்லும்போதே அவர் கை உச்சந்தலையைத் தடவியது.

“அப்ப அந்த அடி எங்க போய்ச் சேர்ந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுது. இதுகிட்ட எதுக்குக் கேக்கீங்க?”

அரவாழி திரையை அணைத்தார்.

“நாளைக்கு மாதிரிக்கு என்ன செய்ய மேடம்?”

கேமராவுக்கு நடை தெரிய உடம்பில் ஒட்டும் மினுக்கு உருண்டைகள் இருந்த பெட்டியை ரெபெக்காள் அவரிடம் நீட்டினார். இடுப்பிலும் முட்டியிலும் கணுக்காலிலும் அரவாழி ஒட்டி முடிப்பதற்குள் ரெபெக்காள் பாதையின் அந்தக் கோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

“நடங்க.”

“எதுவரைக்கும்? நடுவுல ஓர் அடி கிடைச்சாப் போதுமே.”

“நான் நிக்கிற இடம் வரைக்கும் வாங்க. இந்தத் தடவை எதையும் வெட்ட வேண்டாம்.”