சென்னியப்பனின் ரிவால்வர்

கோயம்புத்தூரில் ஸ்டெல்லா துப்பாக்கி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தாள். அப்பாவுக்குப் பின் அவள் பெயருக்கு வந்த கடை. பட்டாளத்தில் ஆயுதங்களைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற மாரப்பன் அவளிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. பழைய ரிவால்வர்களைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நல்ல வேலைக்காரர்.

ஒரு புதன்கிழமை சென்னியப்பன் என்ற பெரியவர் ரிவால்வரோடு வந்தார். கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புக்குள் தனி வீடு. மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதம். மகன் கனடாவில்.

மாரப்பன் குண்டு இல்லை என்று பார்த்துக்கொண்டார். குண்டு போடும் உருளையை ஒவ்வொரு அறையாகத் திருப்பி நிறுத்தி, குழல் வழியே அளவுக்கம்பியை விட்டார். ஒரு அறையில் கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மற்ற ஐந்திலும் விளிம்பில் இடித்தது.

“உருளையைத் தள்ளற கொக்கி தேஞ்சிருக்குதுங்க. ஆறுல ஒண்ணுதான் குழலுக்கு நேரா நிக்குது.”

“ஒண்ணு நின்னாப் போதுமுங்க. அப்படியே குடுத்துருங்க.”

மாரப்பன் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

“அப்படிக் குடுக்கக் கூடாதுங்க. அடுத்த புதன் வாங்க,” என்றாள். ரிவால்வரை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த புதன் அவர் படியேறும்போதே கேட்டார். “ஆச்சுங்களா?”

“இன்னும் இடிக்குதுங்க. உக்காருங்க, டீ சொல்றேன்.”

அதற்கடுத்த புதனும் அதே கேள்வி, அதே பதில். அவள் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பது மாரப்பனுக்குத் தெரியும். வேலை தெரிந்த கை சும்மா இருக்குமா? அரித்தது. நான்காம் வாரம், அவள் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்த நேரம், தன்னிடமிருந்த சாவியால் பெட்டியைத் திறந்து, ரிவால்வரை எடுத்துப் பிரித்தார். புதுக் கொக்கி செய்தார். விளக்குக்கரி பூசி, எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்து அரம் போட்டார். சாயங்காலம் ஆறு அறையிலும் கம்பி வெண்ணெயில் கத்தி போல இறங்கியது.

புதன் காலை அதைத் தட்டில் வைத்து அவள் முன்னால் நீட்டினார்.

ஸ்டெல்லா ஒவ்வொரு அறையாகச் சோதித்தாள். “அருமையான வேலைங்கண்ணா.”

பிறகு ரிவால்வரைப் பிரித்தாள். புதுக் கொக்கியை இடுக்கியில் இறுக்கி, முனையில் மூன்று இழுப்பு அரம் இழுத்தாள். கொக்கி பாழாய்ப் போனது.

“ஏனுங்க அம்மிணி!” மாரப்பன் இடுக்கி மேல் குனிந்து பார்த்தார். “நாள் பூரா செஞ்ச வேலைங்க!”

“எங்கப்பாவும் ஒருத்தருக்கு ஒரே நாள்ல செஞ்சு குடுத்தாருங்க. தனியா இருந்த ஒரு வாத்தியாரு. மூணாம் நாள் அதே ரிவால்வரைப் போலீஸ்காரங்க கொண்டாந்து இந்த மேசை மேல வெச்சாங்க. வேலையில ஒரு குறையும் இல்லீன்னு அப்பாவே எழுதிக் கையெழுத்துப் போட்டாரு.”

மாரப்பன் உட்கார்ந்துவிட்டார்.

பதினோரு மணிக்குச் சென்னியப்பன் வந்தார். அன்றுதான் மாரப்பன் அந்த மனிதரை ஒழுங்காகப் பார்த்தார். சட்டையில் பொத்தான் ஒரு துளை மாறிப் போட்டிருந்தது. வீட்டில் சொல்ல ஆளில்லை.

பெரியவர் தோப்பு மோட்டார் கருகிப் போனதைச் சொன்னார். தேங்காய் வெட்ட ஆள் வராததைச் சொன்னார். டீ ஆறிப்போனதையும் கவனிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“எங்கூட்ல மனுசக் குரல்னா டிவி மட்டுந்தானுங்க. அதையும் ரெண்டு வாரமாப் போடறதில்லை. அது பாட்டுக்குப் பேசுது, நம்மளை ஒண்ணும் கேக்கறதில்லை.”

மாரப்பன் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். ஓய்வு பெற்ற பின் அவரும் தனி அறையில் பார்சல் சோறு தின்கிறவர்தான்.

எழுந்து படியிறங்கப் போன பெரியவர் திரும்பினார். “ஆமா, அது ஆச்சுங்களா?”

ஸ்டெல்லா வேறொரு துப்பாக்கியின் மேல் குனிந்திருந்தாள். நிமிரவில்லை.

பட்டாளத்தில் இருபத்துநாலு வருஷம், ஒரு ஆயுதத்தைப் பற்றியும் மாரப்பன் பொய் சொன்னதில்லை.

“இன்னும் இடிக்குதுங்க. அடுத்த புதன் வாங்க. நானே டீ சொல்றனுங்க.”

பெரியவர் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். அவர் தெருமுனை திரும்பும் வரை மாரப்பன் பார்த்துக்கொண்டே நின்றார்.

“இப்படி எத்தனை புதனுங்க, அம்மிணி? இந்த வேலை எப்பத்தான் முடியும்?”

ஸ்டெல்லா பெட்டியைப் பூட்டினாள்.

“அவரு இதைக் கேக்க மறந்துட்டு பஸ் ஏறுற அன்னைக்குங்கண்ணா.”