மின்னல்வீரனும் புதன் போன விண்கலமும்

காட்டாற்றில் ஒரு நீர்நாய் இருந்தது. மின்னல்வீரன் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டிருந்தது. வேறு யாரும் வைக்க முன்வரவில்லை.

ஒருநாள் மைனா ஒரு செய்தியோடு பறந்து வந்தது. "மனுஷங்க அனுப்பின ஆளில்லாத விண்கலம் புதன் கிரகத்தைச் சுத்த ஆரம்பிச்சிடுச்சு! போய்ச் சேரவே பல வருஷம் ஆச்சாம்!"

"பல வருஷமா? ஆமையைக் கட்டி இழுக்க வச்சாங்களா?"

"அட, புதனுக்குப் பக்கத்துலதான் சூரியன் இருக்கு. நேரா போனா அது இழுக்கிற இழுப்புல வேகம் கூடி, புதனைத் தாண்டிப் போயிடும்! அதான் வழியில இருக்கிற கிரகங்களை ஒட்டி ஒட்டிப் போய் வேகத்தைக் குறைச்சுதாம். கடைசியில இன்ஜினை முன்பக்கமா எரிச்சு பிரேக் போட்டுதாம்!"

"நிக்கிறதுக்கு ஒரு இன்ஜினா!" நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அந்த நேரம் அருவிப் பக்கமிருந்து அதன் மனைவி அலறியது. அருவியின் விளிம்பில் ஒரு சின்னப் பாறை. அதன் இடுக்கில் மனைவியின் கால் சிக்கியிருந்தது. மலையில் மழை. வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது.

"இதோ வந்துட்டேன்!" நீர்நாய் ஒரே பாய்ச்சலில் நீந்தியது. அருவியும் தன் பங்குக்கு இழுத்தது. பாறை வந்தது. பாறை போயும்விட்டது.

"என்னங்க, எங்கே போறீங்க?"

நீர்நாய் விளிம்பையும் தாண்டியது. தொபுக்கடீர்!

கீழே வாய் நிறையப் பாசியோடு எழுந்தது. "ஆகா, என்ன வேகம்! பெண்டாட்டியையே தாண்டிட்டேன்!" என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டது. அண்ணாந்து பார்த்தது. தண்ணீர் மனைவியின் கழுத்தைத் தொட்டிருந்தது.

நீர்நாய் கரையேறி, அருவிக்கும் மேலே ஓடி ஆற்றில் இறங்கியது. இம்முறை ஒவ்வொரு பெரிய பாறையின் மறைவிலும் ஒதுங்கி, வேகத்தைக் குறைத்துக் குறைத்து இறங்கியது. கடைசியில் திரும்பிக்கொண்டு, எதிர்நீச்சல் போட்டபடியே பின்பக்கமாக நகர்ந்து சின்னப் பாறையில் ஒட்டியது. காலை விடுவித்தது. இரண்டும் பாறை பாறையாகப் பற்றிக் கரை சேர்ந்தன.

"மின்னல்வீரரே, பிரேக் பிடிச்சுதா?" என்றது மைனா.

"அந்தப் பேரு அருவியோட போயிடுச்சு! இனிமே என்னை நீர்நாய்னே கூப்பிடு!"

விரைந்து போவது பெரிதல்ல. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்தவரே போய்ச் சேருவார்.