ஐந்து நரம்பு இலை

காட்டோடைக் கரையில் ஒரு நாவல் மரமும் ஓர் எட்டி மரமும் ஒட்டி நின்றன. கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. இலைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே பளபளக்கும். நாவல் இலை பசி தீர்க்கும். எட்டி இலை உயிரை எடுக்கும்.

நெடுவாலன் என்ற குரங்குக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். கொத்தை ஒடித்ததும் இலையை வெயிலுக்கு நேராகப் பிடிக்கும். நடுவில் ஒரே தடித்த நரம்பு ஓடி, இருபுறமும் மெல்லிய கோடுகள் நெருக்கமாகப் பிரிந்தால் நாவல். அடியிலிருந்தே ஐந்து நரம்புகள் கிளம்பினால் எட்டி. பார்த்த பிறகுதான் கீழே போடும். செம்பொறி என்ற புள்ளிமான் அதைத் தின்னும். பதிலுக்கு, புலி வாடை அடித்தால் குரல் கொடுக்கும்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஓடை பெருகி, புல்லெல்லாம் தண்ணீருக்குள் போனது. மூன்று நாள் பட்டினியோடு மான் மரத்தடிக்கு வந்தது. வானத்தில் பொட்டு வெயில் இல்லை. நெடுவாலன் கைக்குக் கிடைத்த கொத்தை ஒடித்துப் போட்டது.

"அண்ணே, இன்றைக்கு வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லையே?"

மேல் கிளையில் இருந்த குரங்குகள் சிரித்தன. "கேட்டீர்களா! கீழே நின்று பொறுக்கித் தின்கிறவள் நம் பண்டிதருக்குப் பாடம் எடுக்கிறாள்!"

நெடுவாலனுக்குச் சுருக்கென்றது. இலையின் அடிப்புறத்தை விரலால் தடவி நரம்பை எண்ணியிருக்கலாம். ஒரு நொடி வேலை. ஆனால், எண்ணினால் பண்டிதருக்கே சந்தேகம் என்று சிரிப்பார்களே!

"இந்த மரத்தில் பிறந்தவன் நான். எனக்கு வெயில் எதற்கு? தின்றால் தின்னு, இல்லாவிட்டால் போ!"

"கோபிக்காதீர்கள் அண்ணே." மான் ஒரு வாய் மென்றது. "கசக்கிறதே!"

"பட்டினி கிடந்த வாய்க்குத் தேனும் கசக்கும்!"

மேலே மறுபடியும் சிரிப்பு. மான் கூசிப்போய் மிச்சத்தையும் தின்றது.

கொஞ்ச நேரத்தில் அதன் கால்கள் விறைத்தன. முதுகு வில்லாக வளைந்தது. "அண்ணே..."

நெடுவாலன் குதித்து இறங்கியது. சிதறிக் கிடந்த இலையை எடுத்துத் தடவியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"துப்பு, செம்பொறி! துப்பிவிடு!"

துப்புவதற்கு வாயில் ஒன்றும் மிச்சமில்லை.

மறுநாள் நல்ல வெயில். நெடுவாலன் ஒவ்வோர் இலையையும் தூக்கிப் பிடித்துப் பார்த்து, நாவல் கொத்துகளை மட்டும் கீழே போட்டது. சாயங்காலம் வரை அவை மரத்தடியில் அப்படியே கிடந்தன.

தெரிந்ததையே மறுபடி ஒருமுறை பார்க்க வெட்கப்படுகிறவனால் அழிவது அவனல்ல, அவனை நம்பியவரே.