நீலப் பெயிண்டுக்குக் கீழே

சங்ககிரி லாரிப் பட்டறைகளில் குருவின் வயதை யாரும் கேட்பதில்லை. கையைத்தான் பார்ப்பார்கள். பாவாயி மேஸ்திரிக்கு நாற்பத்து நான்கு வயது. அவரிடம் தொழில் கற்க வந்த நாச்சிமுத்துவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு.

நாச்சிமுத்து இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். இத்தனை வருடம் ஓட்டியும் ஒன்றைப் பிரித்து மாட்டத் தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு வந்து சேர்ந்தார். அவர் குருவை மேஸ்திரிம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார். யாரிடம் யார் கற்கிறார்கள் என்பதில் இருவருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

நான்காம் வருடம் நாச்சிமுத்து ஏலத்தில் ஒரு பட்டாள லாரி எடுத்தார். பேருக்குத்தான் லாரி. இழுத்து வந்தபோது அதில் உருப்படியாக இருந்தவை இரண்டு நீள இரும்புச் சட்டங்களும், டேஷ்போர்டில் அறைந்திருந்த ஒரு பித்தளைத் தகடும் மட்டுமே.

பத்தொன்பது மாதம் உழைத்தார். என்ஜின் ஈரோட்டில் கிடைத்தது. கியர்பாக்ஸ் வேறொரு வண்டியுடையது. கேபினைத் தானே தகடு வளைத்துக் கட்டினார். பித்தளைத் தகட்டைத் துலக்கிப் புது டேஷ்போர்டில் பொருத்தினார். கடைசியில் நீலப் பெயிண்ட் அடித்தார். எங்கே தடவினாலும் விரலில் ஒரு மேடு பள்ளம் தட்டாது.

அப்புறம் பெருமை பிடிபடவில்லை. "நான் செஞ்ச வண்டி" என்று டீக்கடையில் சொன்னார், பஸ் ஸ்டாண்டில் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். பழைய பட்டாளத்து சிநேகிதர்கள் ஒன்பது பேருக்குப் போன் போட்டார். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி முன்னாள் படைவீரர் ஊர்வலத்தில் முதலில் போகப்போவது என் வண்டிதான், வந்து பின்னால் ஏறிக்கொள்ளுங்கள் என்றார். ஒன்பது பேரும் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

நம்பர் வாங்காமல் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. பதிவு விண்ணப்பத்தில் தயாரித்த வருடம் என்று ஒரு கட்டம் இருந்தது. ஏலத்தில் கொடுத்த தாளில் அந்த இடம் காலி.

மோட்டார் வாகன ஆய்வாளர் மறுநாள் காலை வண்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. நாச்சிமுத்து விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"மேஸ்திரிம்மா, எந்த வருஷம்னு எழுதறதுங்க?"

"வண்டி என்னங்ணா சொல்லுது?"

"வண்டி மூணு சொல்லுதுங்க. என்ஜின் தொண்ணூத்தாறு. தகட்டுல ரெண்டாயிரத்து நாலு. நான் கட்டுனது இந்த வருஷம்."

"அந்தத் தகடு யார் அடிச்சதுங்க?"

"பட்டாளத்து ஒர்க்‌ஷாப்ல. ஒரு வண்டிய முழுசாப் பிரிச்சு மாட்டுனா ஒரு தகடு அடிப்பாங்க. கிலோமீட்டரையும் பூஜ்யத்துக்குக் கொண்டாந்துருவாங்க. எங்களைப் பொறுத்தவரைக்கும் அன்னைக்குப் பொறந்த வண்டிதானுங்க அது. ஆய்வாளரும் தகடு இருந்தாப் போதும், பாத்த கையோட கையெழுத்துப் போட்டுர்றேன்னு சொல்லியிருக்கறாருங்க."

மேஸ்திரி டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார்.

"வலது பக்கச் சட்டத்துல, முன் சக்கரத்துக்குப் பின்னால ஒரு பள்ளம் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சுங்க. உள்ளங்கை நீளம். ஆழம் அதிகமில்லீங்க, நகம் தட்டுற அளவுதான். துரு தின்ன எடம் போல இருக்குது, கெட்டியா அழுக்கு அடைஞ்சு கிடந்துச்சு. அது மேலயே பட்டி வெச்சு, ரெண்டு நாள் தேய்ச்சு, சமமாக்கிட்டேன். இப்ப அது எங்கன்னு நானே தேடித்தான் கண்டுபுடிக்கோணும்."

சொல்லும்போது நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்துவிட்டது. வண்டியிலேயே தான் செய்த நேர்த்தியான வேலை அதுதான் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

மேஸ்திரி சுவரில் தொங்கிய சுரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தேடுங்க."

அடித்த பெயிண்டை அடித்த கையாலேயே சுரண்டுவது சுலபமில்லை. முதல் இழுப்பில் நீலம் சுருண்டு வந்தது. அதன் கீழே பட்டி பொடிப்பொடியாக உதிர்ந்தது. பட்டிக்கும் கீழே கறுப்பாக இறுகிப்போன ஏதோ ஒன்று. கிள்ளி எடுத்து விரலில் நசுக்கினார். மோந்து பார்த்தார்.

"மேஸ்திரிம்மா, இது அழுக்கு இல்லீங்க. கிரீஸுங்க."

"மண்ணெண்ணெய் அங்க இருக்குதுங்க. துணியும் இருக்குது."

துடைத்தார். உள்ளே இரும்பு புதிதாகப் பளபளத்தது. அதில் ஒரு வரிசை எண்கள், ஒவ்வொன்றும் சுத்தியால் ஆழமாகப் பதித்தது. பொட்டுத் துரு இல்லை.

மேஸ்திரி பக்கத்தில் வந்து குந்தினார்.

"ஓரத்தைப் பாருங்க. உங்க நீலத்துக்குக் கீழ எத்தனை கோட்டுப் பெயிண்ட் தெரியுது?"

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பள்ளத்தின் ஓரத்தில் பெயிண்ட் படிபடியாகத் தெரிந்தது. "பச்சை. அது மேல மண் கலரு. பாலைவனத்துல இருந்திருக்குதுங்க. மறுபடி பச்சை. அப்புறம் வெள்ளை. இது பனியில அடிச்சது." அவர் குரல் இறங்கியது. பாலைவனத்திலும் பனியிலும் அவர் ஓட்டியிருக்கிறார். "கடைசியா ஒரு பச்சை. அஞ்சுங்க."

"அப்பப் பள்ளம் எப்படி வந்துச்சு?"

அவர் விரலால் ஓரத்தைத் தடவினார்.

"பள்ளமே இல்லீங்க. சுத்தியும் பெயிண்ட் ஏறியிருக்குது, இங்க மட்டும் ஏறலை. ஒவ்வொருத்தனும் பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னால நம்பர் மேல கிரீஸ் தடவி வெச்சிருக்கறான். பெயிண்ட் புடிக்காம இருக்கறதுக்கு."

"எத்தனை பேருங்க?"

"அஞ்சு பேருங்க."

ஆறாவதாக வந்தவர்தான் பட்டி வைத்து அடைத்தவர். அதை மேஸ்திரி சொல்லவில்லை. நாச்சிமுத்து சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அவமானமாக இருந்தது.

"இதுதான் சேசிஸ் நம்பருங்க. மொத ரெண்டு எண்ணுதான் வண்டி செஞ்ச வருஷம்" என்றார் மேஸ்திரி.

"எழுபத்தொன்பதுங்க." நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் டவுசர் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போன வருஷம்! இவ்வளவு பழசுன்னா ஆய்வாளரு அவராக் கையெழுத்துப் போட முடியாதுங்க. மேல எழுதிக் கேக்கோணும். ஊர்வலம் போயிருமுங்க."

"போயிருமுங்க."

"ஒம்பது பேரும் டிக்கெட் எடுத்துட்டாங்க."

"சொன்னீங்க."

நாச்சிமுத்து சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பட்டி இன்னும் கால் டப்பா மிச்சம் இருக்குதுங்க" என்றார் மெதுவாக.

"இருக்குது. நீலமும் இருக்குது. வண்டி உங்களுது."

சொல்லிவிட்டு மேஸ்திரி அடுத்த லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வரை அவர் தலை வெளியே வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். நேராக டேஷ்போர்டுப் பக்கம் போனவரை நாச்சிமுத்து நிறுத்தினார்.

"சார், இப்படி வாங்க."

வலது பக்கம் கூட்டிப் போனார். சட்டத்தில் சுரண்டிய இடம் சுரண்டியபடியே இருந்தது. ஆய்வாளர் குனிந்து படித்தார். சின்னச் சுத்தியால் சட்டத்தை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு இடத்திலும் வளைவு இல்லை. என்ஜினை ஓட விட்டுக் கேட்டார்.

"தகட்டைக் காட்டியிருந்தீங்கன்னா இப்பவே முடிஞ்சிருக்கும்" என்றார்.

"தெரியுமுங்க சார்."

"இனி எழுதிக் கேட்டுப் பதில் வரணும். நாப்பது நாளாவது ஆகும். வண்டியில ஒரு குறையும் இல்ல, நம்பர் கிடைச்சிரும். ஆனா ஊர்வலத்துக்கு ஆகாது."

"சரிங்க சார்."

ஆய்வாளர் மறுபடியும் குனிந்து அந்த எண்களைப் பார்த்தார். "இத்தனை வருஷ வண்டியில இவ்வளவு சுத்தமா ஒரு நம்பரை நான் பாத்ததில்ல. யாரு செஞ்ச வண்டிங்க இது?"

பத்தொன்பது மாதமாக நாக்கு நுனியில் இருந்த பதில் அப்போது வரவில்லை.

"எனக்கு முன்னால அஞ்சு பேரு இருக்கறாங்க சார்" என்றார் நாச்சிமுத்து.

"அவங்க பேரு விவரம் ஏதாவது இருக்கா?"

"பேரு இல்லீங்க. வேலை இருக்குது."

ஆய்வாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விண்ணப்பத்தில் 1979 என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டுவிட்டுப் போனார்.

நாச்சிமுத்து முன் பம்பரில் உட்கார்ந்து ஒன்பது பேருக்கும் போன் போட்டார். ஊர்வலம் இல்லை, இருந்தாலும் வா, ஒன்று காட்ட வேண்டும், கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா என்றார். இரண்டு பேர் நன்றாகத் திட்டினார்கள். ஏழு பேர் வருவதாகச் சொன்னார்கள்.

பதினைந்தாம் தேதி ஏழு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். ஒவ்வொருவராகச் சட்டத்தின் பக்கத்தில் குந்திப் பார்த்தார்கள். ஒருவர் மண் கலர் ஓரத்தைத் தொட்டுவிட்டு எழுந்து நின்று சல்யூட் அடித்தார். யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் ரயிலுக்குக் கிளம்பிய பிறகு அவர் நீலப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார்.

"மேஸ்திரிம்மா, சுரண்டுன எடம் அசிங்கமாத் தெரியுது. பெயிண்ட் அடிச்சுரட்டுங்களா?"

"அடிங்க."

அவர் பிரஷை எடுத்தார். மேஸ்திரி எழுந்து வந்து, நீல டப்பாவை ஒரு ஓரமாக நகர்த்திவிட்டு, கிரீஸ் டப்பாவை அவர் முன்னால் வைத்தார்.

"மொதல்ல இதைத் தடவுங்ணா. ஆறாவது ஆளு நீங்க."