ஒரு மூக்கன் சூடு

ஜமீன்தாருக்கு வெந்நீர் போடும் மூக்கன், தனக்கு அடுப்பு ஊதுவதைத் தவிர ஒன்றும் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான்.

"விறகு வண்டி வண்டியாப் போகுது! சூட்டை அளந்து காட்டு, இல்லாட்டி வேலையை விட்டுப் போ!" என்று சீறினார் ஜமீன்தார்.

"ஒரு படி பச்சைத்தண்ணியை வெதுவெதுப்பாக்குற சூடு ஒரு அளவு, எசமான். அதுக்கு மூக்கன்னு பேரு வெச்சேன். இந்த மரமண்டைக்கு வேற பேரு தோணல. உங்க குளியலுக்கு நாப்பது மூக்கன்."

சுற்றி நின்ற வேலைக்காரர்கள் எல்லோரும் சிரிக்க, ஜமீன்தார் ஒரு நாழிகை கத்தித் தீர்த்தார். "இப்ப என் கோபம் எத்தனை மூக்கன்டா?"

அவர் முன்னிருந்த தண்ணீர்ச் சொம்பை மூக்கன் தொட்டுப் பார்த்தான்.

"தண்ணி இன்னும் சில்லுனுதான் இருக்கு, எசமான். வேர்த்து ஊத்துனது எனக்கு மட்டுந்தான்."

மறுநாள் குளியலறையிலிருந்து குரல் வந்தது: "இன்னும் ரெண்டு மூக்கன் சேர்த்துப் போடுடா!"