பக்கி வண்டியில் பக்கத்து இடம்

மலேசியாவில் பகாங் பக்கம் ஆற்றை ஒட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் இரண்டு இருந்தன. ஒன்று சன்னாசியுடையது, மற்றது அவருடைய மச்சான் தனபாலனுடையது. தனபாலனின் தங்கை பரமேஸ்வரியைத்தான் சன்னாசி கட்டியிருந்தார். உறவு ஒருபுறம் இருக்க, அவர்களைப் பிரியாமல் வைத்திருந்தது காட்டுப்பன்றி வேட்டை. இளங்கன்றுகளின் குருத்தைக் குடைந்து தின்னும் பன்றிகளை விட்டுவைத்தால் தோட்டம் மிஞ்சாது. துப்பாக்கி உரிமம் சன்னாசியின் பெயரில் இருந்தது. அவரிடம் ஒரு பழைய ஜீப்பும் இருந்தது. பகலில் அதில் பழக்குலை ஏற்றுவார்கள். பொழுது சாய்ந்தால் அதே ஜீப்பில் வேட்டைக்குப் போவார்கள்.

அந்த ஜீப்பில் வேட்டைக்குக் கடைசியாகப் போன நாளில், இறங்கி நடக்கையில் மரங்களுக்கு நடுவே கரிய உருவம் ஒன்று குனிந்து அசைவதைச் சன்னாசி கண்டார். குறி வைத்து விசையை அழுத்தும் நேரத்தில் தனபாலன் அவர் கையைத் தட்டிவிட்டார். குண்டு வானத்துக்குப் போனது. கால் இடறிவிட்டது என்றார் தனபாலன். கைக்கு வந்த பன்றி போய்விட்டதே என்று சன்னாசி வீடு வரும்வரை முணுமுணுத்தார், அதோடு மறந்தும் போனார்.

அடுத்த மழைக்காலத்தில் ஜீப் சேற்றில் புதைந்து புதைந்து நின்றது. அதைத் தள்ளிவிட்டு பக்கி என்னும் சின்ன நாலு சக்கர வண்டி ஒன்று வாங்கலாம் என்று தனபாலன் பேச்சை எடுத்தார். முன்னால் இரண்டு பேர் அருகருகே உட்காரலாம். பின்னால் குலை கொட்டச் சாயும் தொட்டி. எந்தச் சேற்றிலும் ஏறி வரும். சன்னாசிக்கு மனம் வரவில்லை. ஜீப் தன் கையில் இருந்தது, நினைத்தபோது எடுத்துக்கொண்டு போகலாம். பக்கி வண்டியோ தனபாலன் வீட்டுக் கொட்டகையில் நிற்கும், சாவியும் அங்கேதான் இருக்கும். அவர் தயங்குவதைப் பார்த்துத் தனபாலன் அவர் தோளில் கை வைத்தார்.

"நான் ஓட்டுறேன் மாப்ளே. நீ பக்கத்துல துப்பாக்கியோட உட்காரு. உன்னைத் தவிர அந்த இடத்துல எவனும் உட்கார மாட்டான். இது சத்தியம்."

சன்னாசி மறுநாளே ஜீப்பை விற்றுவிட்டார்.

தோட்ட வேலைக்குப் பக்கி வண்டி பிரமாதமாக உழைத்தது. ஜீப் போகாத வாய்க்கால் மேட்டில் எல்லாம் ஏறிக் குலைகளை அள்ளி வந்தது. ஆனால் வேட்டை என்று சன்னாசி வாயெடுத்தால் மட்டும் ஏதாவது தடை வரும். விளக்கு எரியவில்லை என்பார் தனபாலன். மழை வரும் போலிருக்கிறது என்பார். இடுப்பு வலி என்பார். அதற்குள் சன்னாசியின் புதுக் கன்றுகளில் பாதியைப் பன்றி முடித்துவிட்டது.

ஒருநாள் விடியும் வேளையில் சன்னாசியின் தோட்டத்துக்குள்ளேயே வெடிச் சத்தம் கேட்டது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கன்றுகளின் ஓரமாகப் பக்கி வண்டி நின்றது. தொட்டியில் பெரிய ஆண் பன்றி கிடந்தது. தனபாலனுக்குப் பக்கத்தில், பக்கத்துத் தோட்டத்து ஜோசப் தன் சொந்தத் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சன்னாசியைக் கண்டதும் ஜோசப் இறங்கிக்கொண்டார். தனபாலன் இறங்கவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இனிக் கன்றுகள் பிழைத்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னார்.

சன்னாசி வந்த வழியே திரும்பினார். எத்தனையோ வருடம் ஒன்றாகச் சேற்றில் உழன்ற மனிதன், தன் மண்ணிலேயே தன் இடத்தில் வேறொருவனை உட்கார வைத்துவிட்டானே என்று வழியெல்லாம் குமைந்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். பரமேஸ்வரி திடுக்கிடவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள். அதைப் பார்த்ததும் அவர் கேட்டார்.

"உனக்கும் தெரியுமா?"

அவள் அடுப்பை அணைத்தாள். "அன்னைக்கு ஜீப்புல போனப்ப நீங்க குறி வச்சது பன்றி இல்லீங்க. ஓலை வெட்டுற ரஹ்மத். அண்ணன் தட்டிவிடலேன்னா அந்த மனுசன் செத்திருப்பான்."

மிச்சத்தையும் அழுதுகொண்டே சொன்னாள். அன்று மாலையே தனபாலன் அவளிடம் வந்து, மாப்பிள்ளைக்குக் கண் மங்கிவிட்டது, சொல்லிவிடலாம் என்றாராம். அவள்தான் தடுத்தாள். ஒரு மனிதனைச் சுடப் பார்த்தோம் என்று தெரிந்தால் கணவர் உடைந்துபோவார் என்று பயந்து, சொல்ல மாட்டேன் என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஜீப்பை அவர் கையிலிருந்து எடுக்கும்படி சொன்னதும் அவள்தான்.

அன்றைக்கே சன்னாசி துப்பாக்கியைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தார். போகும் வழியில் ரஹ்மத்தைப் பார்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மாலையில் தனபாலன் வாசலில் வந்து நின்றபோது ஒன்றுதான் கேட்டார்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே துப்பாக்கியைக் கீழே வச்சிருப்பேனே மச்சான்?"

"கேட்டிருப்பியா மாப்ளே?" என்றார் தனபாலன்.

அதன்பின் சன்னாசி பக்கி வண்டியில் ஏறவே இல்லை. கண் சிகிச்சைக்குக்கூடப் பேருந்தில்தான் போய்வந்தார்.

கதையைக் கேட்டவர்களே, சொல்லுங்கள். தங்கைக்குக் கொடுத்த சத்தியத்தைக் காத்து, மாப்பிள்ளைக்குக் கொடுத்ததை மீறினார் தனபாலன். உண்மையை மறைக்கச் சொன்னாள் பரமேஸ்வரி. இவர்களில் சன்னாசிக்குத் துரோகம் செய்தது யார்? அது எந்த நாளில் நடந்தது?

விடை: துரோகம் செய்தவர் தனபாலன். ஆனால் ஜோசப்பை உட்கார வைத்த நாளில் அல்ல. மங்கிய கண்ணிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைத்தது சரியே. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பரமேஸ்வரி பயத்தில் மறைத்தாள், அது பிழை; ஆனால் கணவரிடம் அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தனபாலன் தங்கையிடம் சத்தியம் செய்தது முதலில், சன்னாசியிடம் செய்தது பிறகு. அந்த இடத்தில் சன்னாசியைத் துப்பாக்கியோடு உட்கார வைக்கவே போவதில்லை என்று தெரிந்துகொண்டுதான் அவர் தோளில் கை வைத்தார். பேசாமல் இருந்திருந்தாலே தங்கைக்குக் கொடுத்த சத்தியம் காப்பாற்றப்பட்டிருக்கும். ஜீப்பைச் சன்னாசி கையிலிருந்து எடுக்க வேண்டும் என்பதற்காக, காப்பாற்ற எண்ணமே இல்லாத ஒரு சத்தியத்தைச் செய்தார். துரோகம் நடந்தது அன்றைக்குத்தான்.