நூற்று இருபத்தொரு வெள்ளி நாற்பது காசு

போடி மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபத்திரண்டு. குருவின் பெயர் மங்கையர்க்கரசி. எல்லோருக்கும் அவர் அம்மாதான். சீடர் நாச்சியப்பன், வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மகள் வயதுப் பெண்ணை அம்மா என்று கூப்பிட முதல் வாரம் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

மடத்தின் பிழைப்பு, தரையில் போட்டு உட்காரும் இலவம்பஞ்சுத் திண்டில் ஓடியது. பக்கத்து ஊர்ப் பெண்கள் தைத்துத் தருவார்கள், மடம் இணையக் கடையில் விற்கும். நாச்சியப்பன் வருவதற்கு முன்னால் விலையெல்லாம் ரூபாயில்தான் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், நம் பணத்துக்கு இது எவ்வளவோ என்று குழம்பிவிட்டுப் போய்விடுவார்கள். நாச்சியப்பன் அதை மாற்றினார். எந்த நாட்டிலிருந்து பார்த்தாலும் அந்த நாட்டுப் பணத்தில் விலை தெரிந்தது. மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள் என்று விசாரித்து, கடையிலும் அப்படியே எழுதினார். விற்பனை கூடியது.

அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா மனுஷன்? பணத்தின் சந்தை மதிப்பு ஏறி இறங்குவதற்கேற்ப, மணிக்கொரு தரம் விலை தானாக மாறும்படி செய்து வைத்தார். ஒரு காசு கூடாது, ஒரு காசு குறையாது. அதில் அவருக்கு ஏகப் பெருமை.

ஒரு நாள் காலை, மலேசியாவில் கிள்ளானிலிருந்து புஷ்பவேணி என்ற பெண் எழுதியிருந்தாள்.

"ஐயா, என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. நாற்காலி ஒத்துக்கொள்ளவில்லை. மடித்த கம்பளியில் உட்காருகிறார். உங்கள் திண்டின் விலை நூற்று இருபத்தொரு வெள்ளி நாற்பது காசு என்று போட்டிருந்தது. தாளில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டி வைத்து, ஆறு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தேன். நேற்று சரியாக அந்தத் தொகையைக் கார்டில் போட்டுவிட்டு உங்கள் கடைக்கு வந்தால், ஒரு வெள்ளி எழுபது காசு கூடியிருக்கிறது. பணம் போகவில்லை. மிச்சத்தைப் போட்டுவிடலாம். அதற்குள் இன்னும் ஏறிவிட்டால்? எந்த விலையை நம்பிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. தாளைக் கிழித்துவிட்டேன்."

நாச்சியப்பனுக்குச் சுருக்கென்றது. செல்போனும் கையுமாகக் கூடத்துக்குப் போனார். மங்கையர்க்கரசி சிவப்புச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள். நாச்சியப்பன் நின்றபடியே கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"நான் பொய் விலை போடலைம்மா. தபால் செலவு சேத்து ரெண்டாயிரத்து நானூறு ரூபா. ஆறு வாரமா அது அசையவே இல்லை. வெள்ளியோட மதிப்புதான் இறங்கிருச்சு."

"அந்தப் பொண்ணு பாத்தது ரூபாயையா?"

"இல்லை. வெள்ளியைத்தான்."

"வெள்ளியில போட்டது யாரு?"

"நான்தான்."

"சரி, உக்காருங்க ஐயா. மூட்டு வலிக்கும்" என்று எதிரே கிடந்த திண்டைக் காட்டினார்.

நாச்சியப்பனுக்கு உட்காருவதென்றால் பெரிய வேலை. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, செல்போன் பிடித்த மறு கையை முழங்காலில் ஊன்றி, மெல்ல மெல்ல இறங்க வேண்டும். பாதி இறங்கியபோது மங்கையர்க்கரசி திண்டை ஒரு சாண் தள்ளினார். மெழுகுத் தரையில் அது வழுக்கிக்கொண்டு போனது.

நாச்சியப்பன் நிமிர்ந்து, நகர்ந்து, மறுபடி குனிந்தார். திண்டு மறுபடி ஒரு சாண் போனது.

மூன்றாவது முறையும் அதே கதை. தூண் மட்டும் இல்லாவிட்டால் மனுஷன் விழுந்திருப்பார்.

"என்னம்மா இது, விளையாட்டா? விழுந்து வச்சா எலும்பு கூடுமா எனக்கு?"

"ஒரு சாண்தானே ஐயா நகந்துச்சு."

"ஒரு சாணோ அரைச் சாணோ! இறங்குறவனுக்கு இடம் இடத்துல இருக்கணும்ல?"

சொல்லிவிட்டு அவரே நின்றுவிட்டார். கையிலிருந்த செல்போனைப் பார்த்தார்.

மங்கையர்க்கரசி திண்டைத் தூண் பக்கமாக இழுத்துப் போட்டு, அதன் ஓரத்தை அடியில் விரல் விட்டு இறுகப் பிடித்துக்கொண்டார். "இப்ப உக்காருங்க."

நாச்சியப்பன் சந்தேகத்தோடு இறங்கினார். திண்டு அசையவில்லை. தொப்பென்று உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஆனால் முப்பது வருஷத்து வங்கிப் புத்தி அவ்வளவு லேசில் அடங்கிவிடுமா?

"புரியுதும்மா. மூணு மாசத்துக்கு ஒரே விலைன்னு வெள்ளியிலயே நிறுத்திரலாம். ஆனா மதிப்பு ஏறி இறங்குறதை நம்மால நிறுத்த முடியாது. அது பாட்டுக்கு ஆடிக்கிட்டுதான் இருக்கும்."

"ஆமா."

"அந்தப் பொண்ணு மேல அது விழக் கூடாதுன்னா, நம்ம மேலதான் விழும். சில வாரம் கையைக் கடிக்கும்மா."

"கடிக்கும்."

"எவ்வளவுன்னு முன்கூட்டிச் சொல்லவும் முடியாது."

"முடியாதுதான்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

மங்கையர்க்கரசியின் முகம் லேசாகச் சுளித்திருந்தது. குரல் மட்டும் எப்போதும் போலத்தான் இருந்தது.

"என் ரெண்டு விரல் உங்களுக்கு அடியில மாட்டியிருக்கு ஐயா. அவசரமில்லை. அந்தப் பொண்ணுக்குப் பதில் எழுதிட்டு மெதுவா எந்திரிங்க."